கீழமை நீதிமன்றங்களில் வழக்கு ஆவணங்களைத் தேடுவதும் நகல் பெறுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் தாலுகா, மாவட்ட அளவிலான நீதிமன்றங்களில் நடந்த ஒரு வழக்கின் தீர்ப்பையோ, டிகிரியையோ (தீர்ப்பின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லும் ஆணை), பிராதையோ (வழக்கைத் தொடங்க வாதி தாக்கல் செய்யும் மனு) தேடுவோருக்காக இந்தக் கேள்வி பதில்களை எழுதுகிறேன். ஒரு வழக்கறிஞரிடம் பல ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து, நகல் பிரிவின் சன்னலுக்கு முன்னால் நிறைய நேரம் நின்றவன் நான். அங்கே வெறுங்கையோடு திரும்பியவர்களில் பலருக்கு அவர்கள் தேடிய ஆவணம் உண்மையில் உள்ளே இருந்தது; மனுவில் எழுதிய எண்ணோ ஆண்டோ நீதிமன்றத்தின் பெயரோதான் தவறியிருந்தது.

தேடத் தொடங்கும் முன் என்னென்ன விவரங்கள் கையில் இருக்க வேண்டும்?

எந்த நீதிமன்றம், எந்த வகை வழக்கு, எந்த எண், எந்த ஆண்டு ஆகிய நான்கும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எழுத்தரால் வழக்குக் கட்டை (அந்த வழக்கின் காகிதங்கள் எல்லாம் அடங்கிய கோப்பை) எடுத்துத் தர முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 4, விதி 2-இன்படி, ஒவ்வொரு நீதிமன்றமும் தனக்கென ஒரு வழக்குப் பதிவேடு வைத்து, பிராதுகள் ஏற்கப்படும் வரிசையில் ஆண்டுதோறும் புதிதாக எண்ணிட வேண்டும். ஆகவே ஓ.எஸ். 245/1987 என்ற எண்ணுள்ள வழக்கு ஒரே ஊரில் இருக்கும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலும் (பேச்சில் முன்சீப் கோர்ட்) சார்பு நீதிமன்றத்திலும் தனித்தனியாக இருக்கலாம். கூடுதல் முன்சீப் கோர்ட்டு ஒன்று அதே வளாகத்தில் இருந்தால், அங்கும் அதே எண்ணில் இன்னொரு வழக்கு இருக்கலாம்.

வழக்கின் வகையையும் கவனமாக எழுத வேண்டும். ஓ.எஸ். என்பது அசல் வழக்கு, ஏ.எஸ். என்பது மேல்முறையீடு, ஐ.ஏ. என்பது வழக்கின் நடுவே போடப்படும் இடைக்கால மனு, ஈ.பி. என்பது டிகிரியை நிறைவேற்றக் கோரும் மனு. விபத்து இழப்பீட்டுக்கு எம்.சி.ஓ.பி. என்றும், இந்து திருமணச் சட்ட வழக்குகளுக்கு எச்.எம்.ஓ.பி. என்றும் குறிப்பிடுவார்கள். ஐ.ஏ. எண்ணை ஓ.எஸ். எண்ணாக எழுதிவிட்டு அலைந்தவர்களை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

வழக்கு எண் தெரியவில்லை. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை வழக்கு என்பது மட்டுமே தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் இருக்கும் காகிதங்களிலிருந்து தொடங்குவதே நல்லது. வழக்குக்குப் பின் எழுதப்பட்ட கிரயப் பத்திரம், செட்டில்மென்ட், பாகப் பத்திரம் போன்றவற்றில் சொத்து எவ்வாறு வந்தது என்று விவரிக்கும் பகுதியில், இன்ன நீதிமன்றத்தின் இன்ன ஓ.எஸ். டிகிரிப்படி பாத்தியப்பட்டது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அது இல்லையெனில் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு செய்யப்பட்ட டிகிரிகளும் நீதிமன்றம் சார்பு பதிவாளருக்கு அனுப்பிய ஜப்தி உத்தரவுகளும் அதில் வழக்கு எண்ணுடன் வருவதுண்டு. பட்டா மாறுதல் தொடர்பாகத் தாசில்தாரோ கோட்டாட்சியரோ பிறப்பித்த செயல்முறை ஆணைகளில், முந்தைய ஆவணங்களைப் பட்டியலிடும் 'பார்வை' பகுதியையும் படித்துப் பாருங்கள்.

பலர் அறியாத இன்னொரு வழியும் உண்டு. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிருந்தால், அங்கு வெளியான தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே கீழமை நீதிமன்றத்தின் பெயர், ஓ.எஸ். எண், முதல் மேல்முறையீட்டின் ஏ.எஸ். எண், இரண்டின் தேதிகள் என அனைத்தும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாம் மேல்முறையீடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் கீழேயுள்ள இரண்டு வழக்குகளின் முகவரியும் கிடைத்துவிடும். தென் மாவட்டங்களைப் பொறுத்தவரை, 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை செயல்படத் தொடங்கிய பின் அங்கு தாக்கலான வழக்குகளின் எண்ணில் எம்.டி. என்ற எழுத்துகள் சேர்ந்திருக்கும். தேடும்போது அதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இணையத்தில் தேடும் முறை என்ன?

நீதிமன்றங்களின் வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் சேவைகள் தளத்திலும் அதன் கைப்பேசிச் செயலியிலும் கட்டணமின்றித் தேடலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தபின் வழக்கு எண், தாக்கல் எண், தரப்பினர் பெயர், வழக்கறிஞர் பெயர், காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை எண் என ஏதேனும் ஒன்றைக் கொண்டு தேட முடியும். அடுத்த வாய்தா தேதி, இதுவரை நடந்த வாய்தாக்களின் விவரம், வழக்கு முடிந்திருந்தால் முடிவின் தன்மை, பதிவேற்றப்பட்டிருந்தால் உத்தரவின் நகல் ஆகியவை திரையில் வரும். கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள இ-சேவை மையத்திலோ தொடுதிரை இயந்திரத்திலோ பார்த்துக்கொள்ளலாம்.

கணினியில் ஏற்றப்பட்ட ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்ற 16 இடங்கள் கொண்ட அடையாளம் உண்டு. முதல் நான்கு எழுத்துகள் மாநிலத்தையும் மாவட்டத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் நீதிமன்ற அமைப்பையும், அதையடுத்த ஆறு இலக்கங்கள் வரிசை எண்ணையும், கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். இந்த எண் தெரிந்தால் வேறு எந்த விவரமும் தேவையில்லை. ஆனால் மேல்முறையீட்டுக்கு வேறு சி.என்.ஆர். எண் கொடுக்கப்படும் என்பதால், கீழமை நீதிமன்றத்தின் எண்ணைப் போட்டுவிட்டு மேல்முறையீட்டின் நிலையை எதிர்பார்க்கக் கூடாது.

பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. வழக்கே இல்லை என்று முடிவு செய்யலாமா?

செய்யவே கூடாது. இணையத் தேடலில் மிக அதிகமாக ஏமாற்றுவது இந்த இடம்தான். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். பிராது தாக்கலான நாளில் யார் தட்டச்சு செய்தாரோ அவர் எழுதிய எழுத்துக்கூட்டல்தான் கணினியில் நிற்கிறது. கந்தசாமி என்ற பெயரில் தகரத்துக்கு ஒருவர் 'டி' மட்டும் போட்டிருப்பார், இன்னொருவர் 'டி எச்' போட்டிருப்பார். சாமிக்கு நடுவே ஒருவர் 'டபிள்யூ' சேர்ப்பார், கடைசியில் ஒருவர் 'ஐ' போடுவார், இன்னொருவர் 'ஒய்' போடுவார். பழனியிலும் அழகரிலும் வரும் ழகரத்தை 'எல்' என்றும் 'இசட் எச்' என்றும் எழுதுவார்கள். சின்னசாமி 'எஸ்' எழுத்தில் தொடங்கினாரா 'சி' எழுத்தில் தொடங்கினாரா என்பதும் உறுதியில்லை.

எனவே முழுப் பெயரையும் இடாமல், எப்படி எழுதினாலும் மாறாத ஒரு துண்டை மட்டும் இட்டுத் தேட வேண்டும். குறைந்தது மூன்று எழுத்துகள் இருந்தால் தளம் ஏற்றுக்கொள்ளும். தலைப்பெழுத்தை விட்டுவிடுங்கள், ஏனெனில் அது பெயருக்கு முன்னும் வந்திருக்கலாம், பின்னும் வந்திருக்கலாம். பெயர்த் தேடலுக்கு ஆண்டு கட்டாயம் என்பதால், ஓர் ஆண்டில் கிடைக்காவிட்டால் முன்னும் பின்னும் சில ஆண்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். நிலுவை, முடிவுற்றவை, இரண்டும் என்ற மூன்று தெரிவுகளில் 'இரண்டும்' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'நிலுவை' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடிவிட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் முடிந்த வழக்கைக் காணவில்லை என்று வருந்துவோர் பலர்.

வழக்கின் தலைப்பில் யாருடைய பெயர் முதலில் இருந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். உங்கள் தந்தை மூன்றாம் பிரதிவாதியாக இருந்திருக்கலாம். சிறுவயதில் காப்பாளர் வழியாக வழக்காடியிருக்கலாம். அவர் காலமானபின் வாரிசுகள் சேர்க்கப்பட்டிருக்கலாம். எதிர்த் தரப்பினரின் பெயர்களையும் வழக்கறிஞரின் பெயரையும் வைத்துத் தேடினால் பல சமயம் பலன் கிடைக்கிறது.

மிகப் பழைய வழக்குகள் இணையத்தில் இருக்குமா?

கணினிமயம் ஆவதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகள் பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்கு அந்தந்த நீதிமன்றத்தின் கைப்பதிவேடுதான் ஆதாரம். ஆண்டு தெரிந்தால், தேடும்படி மனுக் கொடுக்கலாம்.

அந்தக் காலத்தில் உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 1985-ல் மதுரையிலிருந்து திண்டுக்கல்லும், ராமநாதபுரத்திலிருந்து விருதுநகரும் சிவகங்கையும் பிரிந்தன. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் தலைமையிடம் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்ததால், அக்காலத் தீர்ப்புகளில் 'மதுரையிலுள்ள ராமநாதபுரம் மாவட்ட நீதிபதி' என்றே காணப்படும். சிவகாசிப் பக்கத்து நிலத்தின் 1960-களின் மேல்முறையீட்டை இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பெயரில் மட்டும் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். தேடுகிறவர் ஊரின் நீதிமன்ற வரலாற்றையும் கொஞ்சம் கேட்டறிய வேண்டும். மூத்த வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

குற்ற வழக்கில் ஒரே சம்பவத்துக்கு மூன்று எண்கள் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

காவல் நிலையத்தில் பதிவாவது குற்ற எண். குற்றப்பத்திரிகை தாக்கலாகி நடுவர் நீதிமன்றம் கோப்புக்கு எடுத்துக்கொண்டதும் சி.சி. எண் விழும். கொலை போன்ற, அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கத்தக்க வழக்காக இருந்தால் நடுவரிடம் முதலில் பி.ஆர்.சி. எண்ணும், ஒப்படைக்கப்பட்டபின் அமர்வு நீதிமன்றத்தில் எஸ்.சி. எண்ணும் கிடைக்கும். தீர்ப்பின் நகல் வேண்டுமெனில், தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தின் எண்ணையே எழுத வேண்டும். குற்ற எண் மட்டும் தெரிந்திருந்தால், இ-கோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையத்தின் பெயரோடு அதை இட்டு மற்ற எண்களைக் கண்டுபிடிக்கலாம்.

முதல் தகவல் அறிக்கைக்காக நீதிமன்றம் செல்ல வேண்டிய தேவை இப்போது குறைந்துவிட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவின்படி, பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகள் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கைகளைப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையத்தில் ஏற்ற வேண்டும்.

இணையத்திலிருந்து இறக்கிய தீர்ப்பே போதாதா? சான்றிட்ட நகல் எதற்கு?

படித்துத் தெரிந்துகொள்ளப் போதும். மேல்முறையீடு செய்யவோ, இன்னொரு வழக்கில் சான்றாக முன்வைக்கவோ, பத்திரப் பதிவு அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கொடுக்கவோ சான்றிட்ட நகல் வேண்டும். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 76-ஆம் பிரிவில் இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 75-ஆம் பிரிவில் உள்ளது. பொது ஆவணத்தைப் பார்வையிடும் உரிமையுள்ள எவருக்கும், உரிய கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, அடியில் 'உண்மை நகல்' என்ற சான்றும் தேதியும் அலுவலரின் பெயரும் பதவியும் கையொப்பமும் கொண்ட நகலைக் கொடுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. சன்னலில் நகலை வாங்கியவுடன் இந்த விவரங்களும் முத்திரையும் இருக்கின்றனவா, பக்கங்கள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

நகல் மனுவை எப்படிக் கொடுப்பது?

வழக்கில் தரப்பினராக இருப்பவர் தாமாகவோ தம் வழக்கறிஞர் வழியாகவோ அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனுக் கொடுக்கலாம். மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வழக்கின் முழு எண், தரப்பினர் பெயர்கள், தீர்ப்புத் தேதி, வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை எழுத வேண்டும். 'வழக்கின் எல்லா ஆவணங்களும்' என்று பொதுவாக எழுதுவதைவிட, பிராது, எதிருரை, வாதித் தரப்பு முதல் சாட்சியின் சாட்சியம், வாதித் தரப்புச் சான்றாவணம் 3, தீர்ப்புரை, டிகிரி என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். தீர்ப்புரை என்பது நீதிபதி காரணங்களோடு எழுதும் முடிவு. டிகிரி எனப்படும் தீர்ப்பாணை அந்த முடிவைச் சுருங்கச் சொல்லிச் சொத்து விவரத்தோடு தனியே வரையப்படுவது. நிலம் தொடர்பான வழக்கில் இரண்டும் வேண்டும்.

மனுக் கொடுத்த அன்றே பணம் கட்டி முடிக்க முடியாது. கட்டு பதிவறையிலிருந்து வந்து, பக்கங்கள் எண்ணப்பட்டபின், இத்தனை ரூபாய்க்கு முத்திரைத்தாளோ கட்டண வில்லையோ வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். இதை 'ஸ்டாம்ப் கேட்பு' என்று சொல்வது வழக்கம். குறித்த நாட்களுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மனுவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தபால் வரும் என்று காத்திருப்போர் இழப்பது இங்கேதான். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அந்தப் பலகையைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவசரம் இருந்தால் காரணத்தைக் கூறி, கூடுதல் கட்டணத்துடன் அவசர நகல் கேட்கலாம்.

கட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது என்கிறார்கள். என்ன செய்வது?

மேல்முறையீட்டில் கீழமை நீதிமன்றத்தின் ஆவணங்களை வரவழைப்பது வழக்கமான நடைமுறை. அப்போது கட்டு இருக்கும் நீதிமன்றத்தில்தான் நகல் கேட்க வேண்டும், அல்லது அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். கட்டை எந்தத் தேதியில் எந்தக் கடித எண்ணில் அனுப்பினார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாருங்கள். அந்த விவரம் கையில் இருந்தால் மேல் நீதிமன்றத்தில் தேடுவது எளிது.

மேல்முறையீட்டுக் கெடுவும் நகல் மனுவும் எப்படித் தொடர்புடையவை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படியுங்கள். காலவரையறைச் சட்டம், 1963-இன்படி உரிமையியல் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தில் 90 நாட்களுக்குள்ளும் பிற நீதிமன்றங்களில் 30 நாட்களுக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும். தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு, மரண தண்டனை தவிர்த்த பிறவற்றில், உயர் நீதிமன்றமாயின் 60 நாட்கள், வேறு நீதிமன்றமாயின் 30 நாட்கள். நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தை இந்தக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

ஆனால் அந்தப் பிரிவின் விளக்கம் ஒரு முக்கியமான எல்லையை வைத்திருக்கிறது: நகல் மனுக் கொடுப்பதற்கு முன்பாக டிகிரி வரைய நீதிமன்றம் எடுத்துக்கொண்ட காலம் கழிக்கப்படமாட்டாது. டிகிரி தயாராகட்டும், பிறகு மனுக் கொடுக்கலாம் என்று இருபது நாள் காத்திருந்தவருக்கு அந்த இருபது நாளும் போய்விடும். தீர்ப்புச் சொன்ன மறுநாளே மனுக் கொடுத்தவருக்கு அந்த நாட்கள் கிடைத்துவிடும். அதுபோலவே, ஸ்டாம்ப் கேட்ட பிறகு நீங்கள் தாமதித்த நாட்களும், நகல் தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்களும் உங்கள் கணக்கில்தான் சேரும். நகலில் மனுக் கொடுத்த தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வழங்கிய தேதி என்று வரிசையாகக் குறிப்பிடுவது இந்தக் கணக்குக்காகவே. அந்தத் தாளைக் கிழித்துவிடவோ தொலைத்துவிடவோ கூடாது.

டிகிரி தீர்ப்புக்குப் பின் 15 நாட்களுக்குள் வரையப்பட வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 20, விதி 6-அ. அது தாமதமானால் தீர்ப்புரையின் நகலை மட்டும் வைத்து மேல்முறையீடு செய்ய அதே விதி இடமளிக்கிறது.

கட்டணம் இல்லாமல் நகல் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் உண்டா?

உண்டு. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 363-ஆம் பிரிவில் இருந்த இந்தக் கடமை இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404-ஆம் பிரிவில் உள்ளது. குற்றப்பத்திரிகையின் நகல்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமே. புதிய சட்டத்தின் 230-ஆம் பிரிவு, வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்து, 14 நாள் வரம்பையும் விதித்திருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின்படி மணமுறிவு டிகிரி வழங்கப்பட்டால், 23-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவின் கீழ் இரு தரப்புக்கும் ஒவ்வொரு நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். இந்தக் கடைசி விதியை அறியாமல் பணம் கட்டிய பெண்கள் பலரை எனக்குத் தெரியும்.

நான் வழக்கில் தரப்பினர் இல்லை. எனக்கும் நகல் தருவார்களா?

தருவார்கள், ஆனால் நகல் மனு மட்டும் போதாது. உங்களுக்கு அந்த ஆவணம் ஏன் வேண்டும் என்பதைக் கூறும் பிரமாணப் பத்திரத்துடன் மூன்றாம் நபர் மனுவாகத் தாக்கல் செய்து நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். காரணத்தை நேராகவும் உண்மையாகவும் எழுதுங்கள். அதே சொத்தில் உங்களுக்குப் பாத்தியதை இருக்கிறது, அந்தச் சொத்தை வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள், அதே பிரச்சினையில் உங்கள் மீதும் வழக்கு இருக்கிறது போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள். அவற்றைக் காட்டும் காகிதத்தையும் இணைக்க வேண்டும். தீர்ப்பு, டிகிரி போன்றவை எளிதில் கிடைக்கும். ஒருவர் தாக்கல் செய்த சான்றாவணத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது நீதிமன்றம் கூடுதல் கவனம் காட்டும், அது நியாயமும்கூட.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாமே?

வழக்கு ஆவணங்களுக்கு அந்த வழி செல்லாது. 2020 மார்ச் மாதத்தில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், நீதிமன்ற விதிகளிலேயே நகல் பெறும் வழி இருக்கும்போது நீதித்துறை ஆவணங்களை அந்த வழியில்தான் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாகம் சார்ந்த தகவல்களுக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தும்.

ஆனால் தாசில்தார், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் முன் நடந்த பட்டா விசாரணைகளை மக்கள் 'கேஸ்' என்றே சொல்வதால் ஒரு குழப்பம் நேர்கிறது. அவை வருவாய்த்துறை நடவடிக்கைகள். இ-கோர்ட்ஸ் தளத்திலும் வராது, நீதிமன்றப் பதிவறையிலும் இருக்காது. அவற்றின் ஆணை நகலை அந்தந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும். அங்கே தகவல் அறியும் உரிமை மனு நன்றாகவே பயன்படும்.

எந்த வழக்குகளின் ஆவணங்கள் வெளியாருக்குக் கிடைக்காது?

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் குழந்தைகளின் அடையாளத்தைக் காக்கின்றன. மணவாழ்க்கை தொடர்பான வழக்குகள் மூடிய அறையில் நடத்தப்படலாம். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அவற்றின் நடவடிக்கைகளை வெளியிடவும் தடை விதிக்கிறது. ஒரு குடும்பத்தின் வரன் விசாரிப்புக்காக இன்னொருவரின் மணமுறிவு வழக்கு ஆவணங்களை எடுத்துத் தரும்படி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் மறுத்துவிட்டேன், யார் கேட்டாலும் மறுப்பதே முறை.

நிலம் வாங்குவதற்கு முன் வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதால் வழக்கு இல்லை என்று பொருளாகாது. நிலுவையில் உள்ள வழக்குகள் எல்லாம் அதில் ஏறுவதில்லை. ஆனாலும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரை அந்த வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும். ஆகவே விற்பவர், அவருக்கு முன்பிருந்த உரிமையாளர், அவர்களுடைய உடன்பிறந்தோர் ஆகியோரின் பெயர்களை, மேலே சொன்ன எழுத்துக்கூட்டல் எச்சரிக்கையோடு, அந்த எல்லைக்குரிய முன்சீப், சார்பு, மாவட்ட நீதிமன்றங்கள் மூன்றிலும் தேட வேண்டும். கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவு பிறப்பிக்கக் கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே போட்டுவைக்கும் மனு) தாக்கலாகியிருக்கிறதா என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். வங்கிக் கடன் தொடர்பான கடன் மீட்புத் தீர்ப்பாயம் தனி அமைப்பு என்பதால் அதன் தளத்தில் தனியே தேட வேண்டும்.

கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்று மனு திரும்பி வந்தது. இனி வழியே இல்லையா?

ஆவணங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிப்பதற்கு 1917-ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றங்கள் விதிகள் வகுத்துள்ளன. ஒரு கட்டில் உள்ள எல்லாக் காகிதங்களுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. வாய்தா மனுக்களும் சம்மன்களும் முதலில் போகும். தீர்ப்பும் டிகிரியும் அவற்றைவிட நெடுங்காலம் வைக்கப்படும். எனவே 'கட்டு அழிக்கப்பட்டது' என்ற மேலெழுத்துடன் மனு திரும்பினால், தீர்ப்பும் டிகிரியும் தனியே உள்ளனவா என்று மீண்டும் எழுத்தில் கேட்க வேண்டும். அவையும் இல்லையெனில் வழக்குப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். அதில் தரப்பினர், கோரிக்கை, முடிவு, தேதி ஆகியவை இருக்கும். மேல்முறையீடு நடந்திருந்தால் மேல் நீதிமன்றத்தில் கீழமைத் தீர்ப்பின் நகல் இருக்க வாய்ப்புண்டு. எதிர்த் தரப்பினரின் வீட்டிலும் ஒரு நகல் இருக்கலாம். அழிக்கப்பட்டது என்ற மேலெழுத்துள்ள மனுவையும் பத்திரமாக வையுங்கள். அசலைக் கொண்டுவர முடியாததற்கு பின்னால் ஒரு வழக்கில் அதுவே சான்றாகும்.

நாங்கள் தாக்கல் செய்த அசல் கிரயப் பத்திரத்தைத் திரும்பப் பெறலாமா?

பெறலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 13, விதி 9-இன்படி, வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலம் கடந்தபின், அல்லது மேல்முறையீடும் முடிந்தபின், தாக்கல் செய்தவர் மனுக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வழக்கு முடிந்த களைப்பில் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கட்டு அழிக்கப்படும் நாளில் அந்தப் பத்திரமும் ஆபத்தில் இருக்கும். வெற்றி பெற்றாலும் தோற்றாலும் இந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை. யார் உதவுவார்கள்?

வட்ட சட்டப் பணிகள் குழுவும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கின்றன. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-ஆம் பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமானத்தைப் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வாங்கிய டிகிரியில் சர்வே எண் தவறாக இருக்கிறது. நகல் பிரிவில் திருத்தித் தருவார்களா?

மாட்டார்கள், மூலத்தில் உள்ளதை உள்ளபடி எழுதித் தருவதே அவர்கள் வேலை. முதலில் பிராதின் சொத்து விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிராதில் சரியாக இருந்து டிகிரியில் மட்டும் எழுத்துப்பிழை நேர்ந்திருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின் கீழ் அதே நீதிமன்றத்தில் திருத்த மனுப் போட வேண்டும். இதற்குக் காலக்கெடு இல்லை. பிராதிலேயே தவறு இருந்தால், பிராதையும் டிகிரியையும் சேர்த்துத் திருத்தக் கோரும் மனுவை வழக்கறிஞர் வழியாகத் தாக்கல் செய்வது நல்லது. திருத்த உத்தரவு வந்தபின் திருத்திய டிகிரிக்குப் புதிதாக நகல் மனுக் கொடுத்து, அதையும் உத்தரவின் நகலையும் சேர்த்தே தாலுகா அலுவலகத்தில் கொடுங்கள். பழைய நகலை மட்டும் கொடுத்தால் பட்டா தவறான சர்வே எண்ணிலேயே மாறிவிடும்.